கலியாணப் பேச்சில் சொல்லாத காய்ச்சல்

என் கணவர் தன் பல்லைத் தானே பிடுங்கிய நாளில் நான் அவரோடு கதைக்கவில்லை. கடைவாய்ப் பல் ஒன்று சூத்தையாகி, ஆடத் தொடங்கி, கன்னமும் வீங்கியிருந்தது. கராம்பு வைத்துப் பார்த்தார். உப்புத் தண்ணீர் கொப்பளித்துப் பார்த்தார். பரந்தனுக்குப் போய் பஸ் ஏறி யாழ்ப்பாணத்தில் பல்லு டொக்டரிடம் காட்டச் சொல்லிச் சொல்லி, கடைசியில் என் வாய்தான் வலித்தது. விதைப்பு முடியட்டும் என்றார். ஒருநாள் வேலிக்குக் கம்பி இழுத்துக்கொண்டு நின்றவர், கையிலிருந்த கம்பிக் குறட்டையே வாய்க்குள் விட்டு அந்தப் பல்லை இழுத்தெடுத்துவிட்டு, நாடியில் ரத்தம் வடிய வந்து எனக்குக் காட்டினார். முகத்தில் ஓட்டத்தில் பரிசு வாங்கிய பெருமை. நான் திரும்பிக் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. குடாநாட்டில் காணி போதாமல், குளத்து நீர்ப்பாசனத் திட்டத்தில் வயல் கிடைத்துக் கண்டாவளைப் பக்கம் வந்து குடியேறிய குடும்பம் அவருடையது. நான் கலியாணம் கட்டி அங்கே போனவள். வீட்டில் நாங்கள் இருவரும் அவருடைய தாயும், அதாவது என் மாமியும். மாமனாரை நான் கண்டதில்லை. மாமி நறுக்கென்று பேசுகிறவர். நானும் வாயில்லாப் பூச்சி இல்லை. ஆனாலும் எங்களுக்குள் பெரிய சண்டை வந்ததில்லை, ஏனென்றால் சண்டை வரக்கூடிய கதைகளை இருவருமே தொடாமல் விட்டுவிடுவோம்.

பல் போன காயம் ஆறிவிட்டது. கொஞ்ச நாளில் காய்ச்சல் தொடங்கியது. பின்னேரமானால் உடம்பு காயும். விடியப் பார்த்தால் உடுத்த சாரமும் பாயும் வியர்வையில் ஊறிக் கிடக்கும். வன்னியில் இதற்கு யாரும் டொக்டரைத் தேடிப் போகமாட்டார்கள். முறைக்காய்ச்சல் என்று பட்டியில் நிற்கிற மாடும் சொல்லும். மருந்தடிக்கிற ஆட்கள் வீடு வீடாக வந்து சுவரெல்லாம் வெள்ளை பூசிவிட்டுப் போன பிறகு மலேரியா அருகிப் போயிருந்தது, ஆனால் எங்கள் வாயிலிருந்து அது போகவில்லை. காடு வெட்டின காலத்தில் அந்தக் காய்ச்சலில் பாயில் விழாதவர் இல்லை. ஆகவே காய்ச்சல் என்றால் அதுதான். அவர் குளிசை வாங்கி விழுங்கினார். இரண்டு நாள் குறைந்த மாதிரி இருக்கும், பிறகு காயும். "முறை மாறி வருகுது" என்றார் மாமி. முறை மாறினால் குளிசையும் மாறும், கசாயமும் மாறும். கார்த்திகை முழுவதும் இப்படியே போயிற்று.

அவர் மெலிந்துகொண்டு வந்தார். வரம்பில் நாலடி நடந்தால் களைத்து நின்றார். ஒருநாள் வலது கையை நீட்டி, "விரல் நுனியிலை முள்ளேறின மாதிரிக் கிடக்குது, ஒருக்கால் பாரும்" என்றார். ஊசியை எடுத்துக்கொண்டு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முள் இல்லை. ஒரு நகத்துக்குக் கீழே கருஞ்சிவப்பாக ஒரு மெல்லிய கீறல் மட்டும் தெரிந்தது. வயலில் அடிபட்டிருக்கும் என்று இருவரும் முடிவு செய்தோம்.

மார்கழி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு மத்தியானம், வாய்க்கால் கரையில் தண்ணீர் திருப்பப் போனவர் மண்வெட்டியைப் பிடித்தபடியே குந்திவிட்டார். நான் சோறு கொண்டு போனபோது அவர் முகம் சாம்பல் பூசினதுபோல இருந்தது. நெஞ்சின் மேல் நெல்லு மூட்டையை வைத்தமாதிரி இருக்கிறது, இடக்கை விறைக்கிறது என்றார். பக்கத்துக் காணிக்காரர் தன் உழவு மெசினின் பெட்டியில் வைக்கோல் பரப்பி அவரைக் கிடத்திக்கொண்டு கண்டி றோட்டுக் கரையிலிருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். நானும் மாமியும் பெட்டியில் அவருக்கு இரண்டு பக்கமும் இருந்தோம். வழிநெடுக மாமி மகனின் நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தார். எனக்கு எந்தத் தெய்வத்தின் பெயரும் வாயில் வரவில்லை.

அங்கிருந்த டொக்டருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நோவுக்கு ஊசி போட்டு, மூக்கில் ஒட்சிசன் குழாய் வைத்துவிட்டு, நெஞ்சில் குழலை வைத்துக் கேட்கத் தொடங்கியவர் நெடுநேரம் நிமிரவில்லை. இடப்பக்கம் சரித்துக் கேட்டார். திரும்பவும் நிமிர்த்திக் கேட்டார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். நாங்கள் வயலில் அடிபட்டதென்று தள்ளிவிட்ட அந்த நகத்தில் அவருடைய கண் நின்றது. வயிற்றின் இடப்பக்கத்தை அமர்த்திப் பார்த்தார். காய்ச்சல் எவ்வளவு நாள் என்று கேட்டார். நான் சொன்னேன்.

"பல்லு ஏதும் பிடுங்கினதோ?"

"ஓம் ஐயா. ஐப்பசியிலை."

"ஆர் பிடுங்கினது?"

"அவர்தான். வேலிக் குறடாலை."

டொக்டர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் பகிடி விடவில்லை என்று தெரிந்ததும் திரும்பவும் எழுதினார். பிறகு மாமியிடம் திரும்பினார். "சின்ன வயசிலை இவருக்குக் காய்ச்சலோடை முழங்கால், கணுக்கால் வீங்கினதோ அம்மா? கனநாள் படுத்துக் கிடந்தவரோ?"

"இல்லை" என்றார் மாமி. கேள்வி முடிய முன்னமே பதில் வந்துவிட்டது. "ஒரு வருத்தம் துன்பம் இல்லை ஐயா. நல்ல தேகம்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. இது முக்கியம்."

"யோசிக்க என்ன கிடக்கு? இல்லை எண்டால் இல்லை."

பதில் டொக்டருக்கு, பார்வை எனக்கு. நல்ல தேகம், ஒரு வருத்தம் துன்பம் இல்லை. இந்தச் சொற்களை நான் முன்னரும் கேட்டிருந்தேன். என் அப்பாவின் வீட்டில், கலியாணப் பேச்சு நடந்தபோது, கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் சாதகப் பொருத்தம் பத்தும் பார்ப்பார்கள். மாப்பிள்ளை எப்போதாவது நோயில் கிடந்தவரா என்று மட்டும் நேராகக் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஒருமுறை இல்லை என்று சொல்லிவிட்டால் சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் சாகும்வரைக்கும் அது இல்லைதான். இப்போது பெண் வீட்டாரின் ஆளாக அந்தக் கட்டிலடியில் நான் நின்றுகொண்டிருந்தேன். நான் நிற்கும்வரை மாமியின் வாயிலிருந்து வேறு சொல் வராது. மகன் கண்ணுக்கு முன்னால் கிடந்து இளைத்தாலும் வராது.

"மாமி, நான் தேத்தண்ணிக் கடைக்குப் போய்ச் சுடுதண்ணி வாங்கிக்கொண்டு வாறன்" என்றேன். "ஆறுதலாத்தான் வருவன்."

கடையில் வேண்டாத தேநீர் ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மழை திரும்பவும் தூறத் தொடங்கியிருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னையும் என் அப்பாவையும் ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபம். மூன்று வருடமாக ஒரே அடுப்பில் சமைத்த பெண் இப்படிச் செய்திருக்கிறாரே என்ற கோபம். ஆனால் அதற்கெல்லாம் அடியில் பயம் கிடந்தது. கோபத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் பயம் மேலே வராது என்று நினைத்தேன். தேநீர் ஆறி ஆடை பிடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.

திரும்பி வந்தபோது மாமி யன்னலடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். டொக்டர் என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார். என்ன கேட்டார், மாமி என்ன சொன்னார் என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. நல்ல மனிதர். அவருடைய வருத்தம் என்ன நோய் என்று மட்டும் விளங்கப்படுத்தினார்.

"குளத்துக்குத் தண்ணி திறந்து மூடுற துருசு இருக்கிற மாதிரி இருதயத்துக்கும் கதவுகள் இருக்கு தங்கச்சி. இவருக்கு அதிலை ஒண்டு சின்ன வயசிலையே பழுதாகியிருக்கு. பழுதான கதவிலை பாசி பிடிக்கும் பாருங்கோ. பல்லுப் பிடுங்கின காயத்தாலை ரத்தத்துக்குள்ளை போன கிருமி அதிலை போய் ஒட்டிப் பாசி மாதிரி வளர்ந்திருக்கு. அதுதான் இந்தக் காய்ச்சல். இண்டைக்கு அந்தப் பாசியிலை ஒரு துண்டு கழண்டு, இருதயத்துக்கே ரத்தம் கொண்டுபோற குழாயிலை அடைச்சுப்போட்டுது. வயது போனவைக்கு வாற நெஞ்சடைப்பு வேறை, இது வேறை."

"மருந்து இருக்கோ ஐயா?"

"இருக்கு. மற்ற நெஞ்சடைப்புக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து குடுக்கிறவை. இவருக்கு அதைக் குடுக்கப் பயமாக் கிடக்கு. இன்னொரு துண்டு மூளைப்பக்கம் போயிருந்தால், அந்த மருந்தாலை அங்கை ரத்தம் ஒழுகத் தொடங்கிப்போடும். கிருமியைக் கொல்லுறதுதான் இதுக்கு வழி. பெனிசிலின் ஊசி. ராப்பகலா, சில மணித்தியாலத்துக்கு ஒருக்கால். ஆறு கிழமைக்கு, ஒண்டரை மாதம்."

யாழ்ப்பாணத்துப் பெரிய டொக்டர் ஒருவருடன் ரெலிபோனில் கதைத்திருந்தார். வெள்ளத்தில் றோட்டு உடைந்து கிடந்த நேரம், இந்த நிலையில் இவரைக் குலுக்கிக்கொண்டு போவதைவிட அங்கேயே ஊசியைத் தொடங்குவது நல்லது என்று அவரும் சொன்னாராம். முதல் ஊசிக்கு முன்னம் கையிலிருந்து ரத்தம் எடுத்துப் போத்தல்களில் அடைத்துப் பின்னேர ரயிலில் அனுப்பினார்கள். என்ன கிருமி என்று பார்ப்பதற்காம். சில நாளில் பதில் வந்தது. டொக்டர் நினைத்த கிருமிதான், வாயில் இருக்கிற சாதி. பெனிசிலினுக்கு அடங்கும் என்றார். அவர் முகம் அன்றைக்குத்தான் கொஞ்சம் இளகியது.

அந்த நாட்களை நான் ஊசிகளாகத்தான் நினைவு வைத்திருக்கிறேன். விடிய ஒன்று, வெயில் ஏறினால் ஒன்று, விளக்கு வைக்கிற நேரம் ஒன்று, இடையிலும் உண்டு. ஊசி போடுகிற மிஸி தட்டைத் தூக்கிக்கொண்டு வரும் சத்தம் கேட்டாலே அவர் கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு பக்கமும் கன்றிக் கல்லாகிப் போயிற்று. நான் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஒத்தணம் பிடிப்பேன். முகம் சுழித்தால் விடமாட்டேன். "குறடு போட்டுப் பல்லுப் பிடுங்கின வீரர், இந்தச் சின்ன ஊசிக்கு இப்பிடியோ?" என்பேன். அவருக்குச் சிரிப்பு வரும், ஆனால் சிரிக்கவும் பயம். எழும்பக்கூடாது, இருக்கக்கூடாது, கையை ஊன்றித் திரும்பக்கூடாது. அடிபட்ட இருதயம் ஆறும்வரை சோறுகூட நான்தான் ஊட்டினேன்.

டொக்டர் ஒவ்வொரு நாளும் வந்து குழலை வைத்துக் கேட்டுவிட்டுக் கால் விரல்களைத் தொட்டுச் சூடு பார்ப்பார். கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார். இன்னொரு துண்டு கழன்று வேறெங்கும் போய்விட்டதா என்று பார்க்கிறார் என்பது எனக்கு விளங்கிவிட்டது. அதன் பிறகு நானும் அவர் நித்திரையாய் இருக்கையில் கால்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். மாமியும் நானும் முறை வைத்து நின்றோம். சாப்பாடு, உடுப்பு, ஊசி என்று கதைத்தோம். முழங்கால் காய்ச்சல் பற்றி ஒரு சொல் இல்லை.

தை பிறந்தபோது காய்ச்சல் விட்டுவிட்டது. பின்னேரம் நெற்றியைத் தொட்டால் குளிர்ந்து கிடந்தது. நோவும் இல்லை. சோறு கேட்டுச் சாப்பிட்டார். எங்களுக்கெல்லாம் பெரிய ஆறுதல். அங்கேதான் ஆபத்தும் வந்தது. எங்கள் சனத்துக்குக் காய்ச்சல் விட்டால் வருத்தம் முடிந்தது. வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் முழுகவார்த்து, பத்தியச் சோறு கொடுத்து, ஆளைக் காணிக்கு அனுப்பவேண்டியதுதான். அதற்குப் பிறகும் ஊசி போடுவது டொக்டர்மாரின் விளையாட்டு.

வேறு வீட்டில் குடியிருந்த என் கணவரின் தமையனார் ஒரு வாடகைக் காரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். கையில் வேப்பிலைப் பார்சலும் இருந்தது. "வயல் கதிர் முத்திப்போச்சு. அரிவு வெட்டுக்கு ஆள் பிடிக்கவேணும். காய்ச்சலும் விட்டிட்டுது, வா போவம்" என்றார். என் கணவர் அதற்காகவே காத்திருந்தவர்போல, "ஓம், நானும் அதைத்தான் யோசிச்சனான்" என்று சொல்லி எழும்பப் பார்த்தார்.

டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். "மறிச்சு வைக்க எனக்கு அதிகாரம் இல்லை" என்றார் அவர். "ஆனால் அரைவாசியிலை நிப்பாட்டினால் பாசிக்குள்ளை ஒளிச்சிருக்கிற கிருமி திரும்ப வளரும். அடுத்த துண்டு எங்கை போகும் எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது." சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

"இஞ்சாருங்கோ, நெல்லை நான் வெட்டுவிப்பன்" என்றேன். "நெல்லுப் போனால் அடுத்த போகம் விளையும். உங்களை நான் எங்கை போய் விளைவிக்கிறது?"

"நீர் சும்மா இரும். என்ரை உடம்பு எனக்குத் தெரியும்" என்றார். ஆண்கள் இந்த வசனத்தைச் சொன்னபிறகு அவர்களோடு கதைத்துப் பயனில்லை. தமையனார் அவருடைய சேட்டை எடுத்துப் போடக் கொடுத்தார். அவர் இந்தக் கட்டிலைவிட்டு இறங்கினால் திரும்பி வரமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஆனால் நான் சொல்லி அவர் கேட்கப்போவதில்லை.

அதுவரை மூலையில் நின்ற மாமி முன்னால் வந்தார். மூத்த மகனின் கையிலிருந்த வேப்பிலைப் பார்சலை வாங்கி யன்னலுக்கு வெளியே எறிந்தார். பிறகு கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, உனக்கு எட்டு வயசு. முழங்கால் ரண்டும் வீங்கி, போர்வைத் துணி பட்டாலும் கத்துவாய். காய்ச்சல் விட்டுது. மாதக்கணக்கா எழும்பவிடாமல் கிடத்தச் சொல்லி அப்ப டொக்டர் சொன்னவர். இருதயத்தைப் பிடிக்கும் எண்டும் சொன்னவர். நான் கேக்கேல்லை. காய்ச்சல் விட்டிட்டுதெண்டு முழுகவாத்துப் பள்ளிக்கூடம் விட்டனான். நொண்டிப்பிள்ளை எண்டு பேர் வந்திடும் எண்டு ஊரிலை வெறும் சளித் தடிமன் எண்டு சொன்னனான். அண்டைக்கு நான் வாத்த தண்ணியாலைதான் இண்டைக்கு நீ இதிலை கிடக்கிறாய். இன்னொருக்கால் உனக்கு வாக்கிறதுக்கு என்ரை கை வராது."

தமையனார் என்னைப் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்தார். அன்றைக்கு டொக்டரிடம் இதைச் சொல்ல மாமிக்கு நான் வெளியே போகவேண்டி இருந்தது. இன்றைக்கு என்னைப் போ என்று சொல்லவில்லை. நான் நிற்கிறேன் என்று தெரிந்துகொண்டே, என் முன்னால்தான் சொன்னார்.

என் கணவர் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு சேட்டைத் தமையனாரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "அரிவு வெட்டை நீ பாரண்ணை" என்றார். கார் வெறுமையாகத் திரும்பிப் போனது. கொஞ்ச நேரத்தில் மிஸி தட்டோடு வந்தபோது அவர் கேட்காமலே மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊசியெல்லாம் முடிந்த பிறகும் சில நாள் வைத்திருந்து, காய்ச்சல் திரும்பவில்லை என்று கண்டபிறகுதான் விட்டார்கள். டொக்டர் கடைசி முறையாகக் குழலை வைத்துக் கேட்டார். "கிருமி போயிட்டுது. துருசு பழுதுதான், அதை மாத்த இப்ப எங்களிட்டை வழியில்லை" என்றார். பாரம் தூக்கக்கூடாது. இனிப் பல்லிலே கை வைப்பதென்றால் முதலில் பெனிசிலின் ஊசி, பிறகுதான் பல்லு டொக்டர். யாழ்ப்பாணத்தில் இருதயத்தைப் படம் எடுக்கிற மெசினில் பார்க்கவும் கடிதம் தந்தார். பிறகு அங்கே பார்த்தபோது, தசையில் ஒரு பக்கம் தழும்பு இருக்கிறது என்றார்கள். அந்தத் தழும்போடு அவர் நெடுங்காலம் இருந்தார். வரம்பில் குந்தியிருந்து மற்றவர்களுக்கு வேலை சொல்வதில் அவருக்கு நிகர் அந்தப் பகுதியில் யாரும் இல்லை.

வீட்டுக்குப் போகிற அன்று, உழவு மெசின் வரும்வரை மாமியும் நானும் வெளியே வாங்கில் இருந்தோம். மழைக்காலம் போய் வெயில் ஏறியிருந்தது. மாமி மடியில் கையை வைத்துக்கொண்டு றோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"பிள்ளை, அப்ப சொல்லியிருந்தால் நீ கட்டியிருப்பியோ?"

கட்டியிருப்பேன் என்று சொல்வது சுகமாக இருந்திருக்கும். மாமியும் கேட்டு ஆறியிருப்பார். ஆனால் அந்தக் கட்டிலடியில் அவர் என் முன்னால் நின்று சொன்னதற்குப் பிறகு, நான் பொய் சொல்ல முடியாது.

"இல்லை மாமி. கட்டியிருக்கமாட்டன். அப்பாவும் விட்டிருக்கமாட்டார்."

மாமி தலையாட்டினார். "எனக்குத் தெரியும். அதுதான் சொல்லேல்லை."

உள்ளே சேட்டைப் போட்டுக்கொண்டு நின்றவர், பொத்தான் ஒன்றைக் காணவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். பழைய குரல் வந்துவிட்டது. ஒருமுறை கூப்பிட்டு ஓயாமல் திரும்பவும் கூப்பிட்டார்.

"சொல்லாமல் விட்டது நல்லதாப் போச்சு மாமி" என்று சொல்லிக்கொண்டு எழும்பினேன். "இல்லாட்டி இண்டைக்கு அவர் வேறை ஆரையோ எல்லோ கூப்பிட்டுக்கொண்டு நிப்பார்."